நோட்டீஸில் ஒரு சொல்லை மாற்றுங்கள்

ஜேடர்பாளையம் படுகை அணைச் சாலையில் விடியற்காலையில் ஓடுகிற பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

தம்பிகளா, அம்மிணிகளா,

போன ஞாயிற்றுக்கிழமை ஓடி முடித்த வேர்வையோடு ஏழெட்டுப் பேர் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தீர்கள். நோட்டீஸ் மாதிரி ஒன்றைக் கையில் கொடுத்து, "சார், நீங்கதான் கொடியசைச்சுத் தொடங்கி வைக்கோணும்" என்றீர்கள். அண்ணா பூங்கா வாசலில் தொடங்கி மோகனூர் வரைக்கும் ரிலே. ராஜா வாய்க்கால் தண்ணீர் போகிற திக்கிலேயே, தலைமடையிலிருந்து கடைமடைக்கு. இதை முதலில் யோசித்த பிள்ளை யாரென்று கேட்க மறந்துவிட்டேன். யாராக இருந்தாலும் நல்லா இருக்கட்டும். முப்பத்தோரு வருஷம் உடற்கல்வி ஆசிரியராக இருந்து எத்தனையோ ஓட்டத்துக்கு விசில் ஊதியிருக்கிறேன். இந்த மண்ணுக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரு ஓட்டத்தை யாரும் என்னிடம் கொண்டுவந்ததில்லை.

கொடியசைக்க வருகிறேன், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் நோட்டீஸின் தலைப்பில் "புற்றுநோய் விழிப்புணர்வு தொடர் ஓட்டம்" என்று போட்டிருக்கிறீர்கள். அந்த "விழிப்புணர்வு" என்ற சொல்லை அடித்துவிட்டு, "ஆராய்ச்சி நிதி" என்று எழுதுங்கள். நேரில் சொல்லியிருந்தால் "சரிங்க சார்" என்று தலையாட்டிவிட்டுப் போயிருப்பீர்கள். பிரஸ்ஸில் பழையபடியே அச்சாகி வந்திருக்கும். அதோடு, பணம் கொடுக்கப்போவது ஊர். ஏன் கொடுக்கச் சொல்கிறோம் என்று ஊருக்கும் தெரிய வேண்டும். அதற்காகத்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

விழிப்புணர்வு ஓட்டம் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஆறு மணிக்குக் கூடுவோம். பனியன், தொப்பி, பேனர். பேச்சு, போட்டோ. எட்டு மணிக்குப் பொங்கலும் வடையும். கடைக்காரர்கள் கொடுத்த நன்கொடையெல்லாம் பனியனுக்கும் மைக் செட்டுக்கும் போயிருக்கும். நானே இப்படிப் பத்துப் பன்னிரண்டு நடத்தியிருக்கிறேன். அதில் ஓடின பிள்ளைகளின் மனசு சுத்தமானது, அதை ஒருநாளும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அத்தனை ஓட்டத்திலிருந்தும் ஒரு ரூபாய்கூட, இந்த நோய்க்கு நாளைக்கு ஒரு நல்ல மருந்து கிடைக்க வேண்டும் என்று உட்கார்ந்து வேலை செய்கிற ஓர் ஆளின் மேசைக்குப் போய்ச் சேரவில்லை.

இந்த எண்ணம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொன்னால்தான் விளங்கும். ஒரு மாணவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், அவள் குடும்பம் இன்றும் இந்தப் பக்கம்தான் இருக்கிறது.

1996. பிளஸ் ஒன் படித்தாள். நாலு நூறு ரிலேயில் மூன்றாவது ஆள், வளைவில் ஓடுகிறவள். பள்ளிக்கூடத்துப் பேட்டன் தொலைந்துபோனதால், போர்வெல் போட்ட இடத்தில் மிஞ்சிக் கிடந்த பிவிசி குழாயை முப்பது சென்டிமீட்டருக்கு அறுத்து, இரண்டு முனையையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நடுவில் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றிக் கொடுத்திருந்தேன். பின்னால் வருகிறவள் "கை" என்று கத்துவாள். இவள் திரும்பியே பார்க்க மாட்டாள். ஓடிக்கொண்டே கை பின்னால் நீளும், உள்ளங்கை மேலே பார்த்தபடி அசையாமல் நிற்கும், குழாய் வந்து விழும். அந்தக் கை நடுங்கி நான் பார்த்ததே இல்லை.

ஆகஸ்ட் மாதம் வலது முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வலிக்கிறதென்றாள். சுளுக்கு என்றேன். தைலம் போட்டு உருவச் சொன்னேன். ராத்திரியில் வலி தாங்காமல் எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள் என்று அவள் அம்மா பள்ளிக்கூடத்துக்கே வந்து சொன்னார். "வளர்ற புள்ளைக்கு அப்படித்தானுங்க இருக்கும்" என்று நான் சொன்னேன். நான்தான் சொன்னேன். பிறகு எலும்பு ஒடிவுக்குக் கட்டுப் போடுகிற ஒருவரிடம் போய் இரண்டு தடவை கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்கள். தீபாவளிக்கு வீக்கம் கண்ணுக்குத் தெரிந்தது. மார்கழியில்தான் எக்ஸ்ரே எடுத்தார்கள். தொடை எலும்பின் கீழ்முனையிலிருந்து வெள்ளைக் கோடுகள் கதிர் கதிராக வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. எலும்புப் புற்று. தை மாதம் காலை எடுத்தார்கள். அப்புறம் மருந்து. அடுத்த ஐப்பசிக்குள் நுரையீரலுக்குப் போய்விட்டது. பதினேழு வயது.

ஆகஸ்டிலிருந்து மார்கழி வரைக்கும் நாலு மாதம். அந்த நாலு மாதத்துக்கு நான்தான் பொறுப்பு. இன்றுவரை அதை யார் தலையிலும் இறக்கிவைக்க எனக்கு மனசு வரவில்லை.

அதனால் விழிப்புணர்வே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள்: பத்து வயதிலிருந்து இருபது இருபத்தைந்து வயதுக்குள் இருக்கிற பிள்ளைக்கு முழங்கால் பக்கத்திலோ தோள் பக்கத்திலோ வலி வந்து, இரண்டு மூன்று வாரம் ஆகியும் போகாமல், ராத்திரியில் தூக்கத்தைக் கெடுத்தால், வீக்கமும் சேர்ந்தால், உருவக் கூடாது, கட்டக் கூடாது. எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இருந்தால் அந்த ஒரு படம்தான் காப்பாற்றும். நோட்டீஸின் பின்பக்கத்தில் இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

ஆனால் அவளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரிடம் நான் தனியாகப் போய், நாலு மாதம் முன்னாலேயே கூட்டி வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டேன். அவர் என்னைத் தேற்றவும் இல்லை, குற்றம் சொல்லவும் இல்லை. "வாய்ப்புக் கூடியிருக்கும். ஆனா அப்பவும் என் கையில இருக்கிற மருந்து இதேதான் சார்" என்றார். கையில் இருக்கிற மருந்து. சீக்கிரம் போய்ச் சேருவதற்கு விழிப்புணர்வு. போய்ச் சேர்ந்த இடத்தில் கொடுப்பதற்கு ஒன்று இருக்க வேண்டுமே, அது எங்கிருந்து வரும்?

டெர்ரி ஃபாக்ஸைப் பற்றி நான் படித்தது அவள் போன பிறகுதான். கனடாவில் கல்லூரியில் படித்துக்கொண்டு கூடைப்பந்து ஆடிய பையன். 1977இல் அவனுக்கும் அதே எலும்புப் புற்று, அதே வலது கால். பதினெட்டு வயதில் முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். பிழைப்பதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்றார்கள் டாக்டர்கள். இரண்டே வருஷத்துக்கு முன்னால் இதே நோய் வந்திருந்தால் நூற்றுக்குப் பதினைந்துதான் என்பதும் அவனுக்குத் தெரியவந்தது. பதினைந்து எப்படி ஐம்பது ஆனது? நடுவில் யாரோ சிலர் ஆய்வுக்கூடங்களிலும் வார்டுகளிலும் புது மருந்துகளைப் பரிசோதித்துப் பார்த்திருந்தார்கள். அதற்கு யாரோ பணம் கொடுத்திருந்தார்கள். தன் உயிரில் அந்த முப்பத்தைந்து பங்கு முகம் தெரியாதவர்கள் போட்டது என்பது அந்தப் பையனுக்கு உறைத்துவிட்டது. வார்டில் தன்னைச் சுற்றிக் கிடந்தவர்களையும் பார்த்தான். ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட நாட்டைக் குறுக்காக ஓடிக் கடப்பது என்று முடிவெடுத்தான்.

1980 ஏப்ரல் 12ஆம் தேதி கிழக்குக் கோடியில் செயின்ட் ஜான்ஸ் நகரத்தில், அட்லாண்டிக் கடலில் செயற்கைக் காலை நனைத்துக்கொண்டு கிளம்பினான். தினமும் ஏறக்குறைய ஒரு முழு மாரத்தான். அந்தக் காலத்துச் செயற்கைக் கால் நடப்பதற்காகச் செய்தது, ஓடுவதற்கு இல்லை. நல்ல காலில் இரண்டு எட்டு, செயற்கைக் காலில் ஒரு எட்டு என்று தத்தித் தத்தி ஓடினான். 143 நாளில் 5,373 கிலோமீட்டர். செப்டம்பர் 1ஆம் தேதி தண்டர் பே ஊருக்குப் பக்கத்தில் மூச்சு வாங்கி நின்றான். நுரையீரலுக்குப் போய்விட்டது. 1981 ஜூன் 28ஆம் தேதி, இருபத்துமூன்று முடிய ஒரு மாதம் இருக்கும்போது இறந்தான். ஆளுக்கு ஒரு டாலர் என்று நாட்டையே கேட்டிருந்தான். அவன் கண்மூடுவதற்கு முன்பே அந்தத் தொகை, 2 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல், சேர்ந்துவிட்டது. அவன் பெயரில் வருஷா வருஷம் பல நாடுகளில் நடக்கிற ஓட்டங்கள் இதுவரை 80 கோடி டாலருக்கு மேல் ஆராய்ச்சிக்குச் சேர்த்திருக்கின்றன. நம் சென்னையிலும் ஐ.ஐ.டி. வளாகத்தில் மாணவர்கள் அதை நடத்தி வந்திருக்கிறார்கள். அதில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று எதுவும் கிடையாது.

ரிலேயாக ஓடுவதற்கும் முன்னோடி உண்டு. 1985 மே மாதம் அமெரிக்காவின் டகோமா நகரத்தில் கோர்டி கிளாட் என்ற அறுவை மருத்துவர், ஒரு கல்லூரி மைதானத்தை இருபத்துநாலு மணி நேரம் தனியாகச் சுற்றி 83 மைல் ஓடி 27,000 டாலர் சேர்த்தார். அடுத்த வருஷம் பத்தொன்பது குழுக்கள் அவரோடு சேர்ந்து மாற்றி மாற்றி ஓடின. இன்றைக்கு உலகம் முழுக்க நடக்கிற "ரிலே ஃபார் லைஃப்" அதுதான். நம் மொழி பேசுகிறவர்களுக்கு இன்னும் நெருங்கியது இலங்கையில் நடந்தது. 2011 ஜூலையில் தென்கோடி தெய்வேந்திரமுனையிலிருந்து வடகோடி பருத்தித்துறை வரைக்கும் ஏறத்தாழ ஒரு மாதம் ஜனங்கள் நடந்தார்கள். போர் முடிந்து இரண்டே வருஷம் ஆகியிருந்தது. சிங்கள ஊர்களின் வழியாக நடந்து சேர்த்த அந்தப் பணம், யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போனது. அது வைத்தியத்துக்கு. நாம் கேட்கப்போவது ஆராய்ச்சிக்கு. அதனால் நமக்கு வேலை இன்னும் கொஞ்சம் கஷ்டம்.

என்ன கஷ்டம் என்றால், நம் ஊர் வைத்தியச் செலவுக்குப் பணம் கொடுக்கத் தயங்கியதே இல்லை. ஒரு வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு என்று தெரிந்தால் அன்றைக்குச் சாயங்காலமே நாலு பேர் துண்டு ஏந்திக் கிளம்பிவிடுவார்கள். அந்தப் பணத்துக்கு ஒரு முகம் இருக்கிறது. கட்டிலில் படுத்திருக்கிற முகம். ஆராய்ச்சிக்கு முகம் இல்லை. "அதெல்லாம் கவர்மெண்ட் பாத்துக்கும், பெரிய கம்பெனி பாத்துக்கும், நம்ம நூறு ரூபாயில என்ன ஆகப்போகுது?" என்று கேட்பார்கள். உங்களையும் கேட்கப்போகிறார்கள். என்ன பதில் சொல்வீர்கள்?

கரும்புத் தோட்டத்துக்குள் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். பிலிக்கல்பாளையம் ஏலத்துக்கு வெல்லம் கொண்டுபோகிற யாரையாவது, என்ன ரகம் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் 86032 என்பார். அந்த எண்ணின் முன்னால் இருக்கிற "கோ" கோயம்புத்தூரைக் குறிக்கிறது. 1912இல் அங்கே தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தில் பிறந்த ரகம் அது. 86 என்பது அந்தச் செடியைத் தேர்ந்தெடுத்த வருஷம். விவசாயிகளுக்கென்று முறைப்படி வெளியிட்டது 2000இல். நடுவில் பதினாலு வருஷம் ஒவ்வொரு இடமாக நட்டு, வெட்டி, எடை பார்த்து, சர்க்கரை பார்த்து, நோய் வருகிறதா என்று காத்துக் கிடந்திருக்கிறார்கள். அந்த நிறுவனத்தின் ஆதிக் கதை இன்னும் அழகானது. ஆற்றுப் படுகையில் வெள்ளைப் பூவோடு நிற்கிறதே நாணல், நாம் கால்நடைகூட மேய்க்காமல் விட்டுவிடுகிற நாணல், அதை நல்ல கரும்போடு சேர்த்துத்தான் 1918இல் கோ 205 என்ற ரகத்தைக் கொண்டுவந்தார்கள். நாணலின் வலு கரும்புக்குள் வந்தது. அன்றைக்கு அந்த வேலையைச் செய்தவர்கள் யாரும் நம் வெல்ல ஆலைக் கொப்பரையைப் பார்த்தவர்கள் இல்லை. நம் பாகு அவர்களால்தான் காய்கிறது. நாமக்கல் கோழிப் பண்ணைக்காரரைக் கேட்டால், ராணிக்கெட் தடுப்பூசி இல்லாமல் ஒரு கொட்டகை எத்தனை நாள் தாங்கும் என்று அவரே சொல்வார். கரும்புக்கும் கோழிக்கும் ஆராய்ச்சி என்ன செய்தது என்று தெரிந்த ஜனங்கள் நாம். பிள்ளைகளுக்கு வரும்போது மட்டும் அது நமக்குத் தூரத்து விஷயமாகிவிடுகிறது.

ஆராய்ச்சி என்றால் வெள்ளைக் கோட்டும் கண்ணாடிக் குழாயும் மட்டும்தான் என்றும் நினைக்காதீர்கள். கரூரைத் தாண்டினால் திண்டுக்கல். அங்கே ஒட்டன்சத்திரம் பக்கத்தில் அம்பிளிக்கை என்று ஓர் ஊர். அங்குள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய சுகாதார மையமும், பிரான்சில் இருக்கிற பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும் சேர்ந்து, திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களை 114 தொகுப்பாகப் பிரித்து, 2000ஆம் ஆண்டிலிருந்து கருப்பை வாய்ப் புற்றுநோயைப் பற்றி ஓர் ஆய்வு நடத்தின. முப்பது வயதிலிருந்து ஐம்பத்தொன்பது வயது வரைக்கும் உள்ள பெண்கள், எண்பதாயிரம் பேர். பாதித் தொகுப்புகளில் பயிற்சி பெற்ற நர்சுகள் நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது நம் கடையில் விற்கிற வினிகர் மாதிரி ஒன்றை, பஞ்சில் தொட்டுத் தடவி ஒரு நிமிடம் பார்த்தார்கள். கெட்டுப்போகத் தொடங்கிய இடம் வெள்ளையாகத் தெரியும். தெரிந்தால் அங்கேயே குளிர்வைத்தியத்தால் அதை அழிக்கலாம். பெரிய மிஷின் வேண்டாம், மாதக்கணக்கில் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். பரிசோதனை செய்த ஊர்களில் அந்தப் புற்று வருவது 25 சதவீதமும், அதனால் சாவது 35 சதவீதமும் குறைந்திருந்தது. 2007இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் டாக்டர் சங்கரநாராயணன் குழுவினர் அதை வெளியிட்டார்கள். ஏழை நாடுகளில் இதைச் செய்யலாம் என்று உலகத்துக்குச் சாட்சி சொன்னவர்கள் பூப்பறிக்கவும் வெங்காயம் அறுக்கவும் போகிற பெண்கள். அந்த ஆய்வுக்கு யாரும் பணம் கொடுக்காமல் இருந்திருந்தால் வினிகர் கடையில்தான் இருந்திருக்கும்.

நமக்கென்றே இருக்கிற கேள்விகளும் உண்டு. டீக்கடையில் நான் கேட்காத நாளில்லை: "மேல பள்ளிபாளையத்துலயும் குமாரபாளையத்துலயும் சாயத்தண்ணிய ஆத்துல விடறாங்க, அதான் இந்தப் பக்கமெல்லாம் கேன்சரு." ஆற்றுக்கு அக்கரை ஈரோடு மாவட்டம். 2023 நவம்பரில் அரசு வீடு வீடாகப் புற்றுநோய்ப் பரிசோதனையைத் தொடங்கத் தேர்ந்தெடுத்த நாலு மாவட்டங்களில் ஈரோடும் ஒன்று. சாயக் கழிவு ஆற்றில் கலப்பதைத் தடுக்க வேண்டும் என்பதில் இரண்டாவது பேச்சுக்கு இடமில்லை. ஆனால் எந்த ரசாயனம், எவ்வளவு, எந்தப் புற்று, எத்தனை பேருக்கு என்று எண்ணிக் காட்டினால்தான் அதிகாரியிடம் போய் நிற்க முடியும். எண்ணுவதே ஆராய்ச்சிதான். 2012இலிருந்து தமிழ்நாடு முழுவதற்குமான புற்றுநோய்ப் பதிவேட்டை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அரசோடு சேர்ந்து நடத்தி வருகிறது. அப்படி ஒரு பதிவேட்டில் ஒவ்வொரு வரியாக எழுத ஆள் வேண்டும், அவருக்குச் சம்பளம் வேண்டும்.

இன்னொன்று, சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்கிறேன். நம் ஓட்டம் பாண்டமங்கலம், பொத்தனூர், பரமத்தி வேலூர் வழியாகப் போகிறது. மூன்றும் வெற்றிலைக் கொடிக்கால் ஊர்கள். பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று பன்னாட்டு முகமை 2004இல் அறிவித்துவிட்டது. புகையிலை சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். கொடிக்கால்காரர்கள் மனம் நோகும்படி மைக்கில் பேசிவிடாதீர்கள். அவர்கள் வயிறும் இதில் இருக்கிறது. பாக்கும் புகையிலையும் வாயை என்ன செய்கின்றன, வெற்றிலைக்கு வேறு என்ன பயன் காணலாம் என்று கேட்டு விடை தேடுகிறவர்களை நாம் தாங்க வேண்டும். அது அவர்களுக்கும் நல்லது.

சரி, வேலைக்கு வருவோம்.

பாதை முப்பத்தைந்து கிலோமீட்டர் வாக்கில் வரும். உங்களில் பாதிப் பேர் போலீஸ் செலக்‌ஷனுக்காக 1500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் முடிக்கப் பழகுகிறவர்கள். அதையே அளவாக வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 1500 மீட்டர், இருபத்துநாலு பேர். கைமாற்றுகிற இடம் ஒவ்வொன்றும் ஒரு கோயில் வாசலாகவோ பள்ளிக்கூட வாசலாகவோ டீக்கடையாகவோ இருக்கட்டும். ஜனம் நின்று பார்க்க வேண்டும். பழனிக்குப் போகிற எடப்பாடிக் காவடிக்கு வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல் வைக்கிற ஜனம்தானே இது, கேட்டால் உங்களுக்கும் வைப்பார்கள். வாய்க்கால் கரையில் போக முடிந்த இடத்தில் கரை, இல்லாத இடத்தில் தார்ச் சாலை. கரை நீர்வளத் துறைக்குச் சொந்தம், எழுத்தில் அனுமதி வாங்குங்கள். போலீஸ் ஸ்டேஷனிலும் அப்படியே. வேலூரில் நாற்கரச் சாலையைக் கடக்கிற இடத்தில் பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையை நிறுத்தவே கூடாது. கரும்பு ஏற்றிய டிராக்டர் விடியற்காலையில்தான் வரும், பின்னால் விளக்கு இருக்காது. ஓடுகிறவருக்கு முன்னாலும் பின்னாலும் ஒவ்வொரு பைக் போக வேண்டும். தேதியைப் பொறுத்தவரை, பிப்ரவரி 4 உலகப் புற்றுநோய் நாள், அதை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை சரியாக இருக்கும். கபிலர்மலைத் தைப்பூசத் தேர் அந்தப் பக்கம் வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆடிப் பெருக்கில் வைக்கலாம் என்று யாரோ சொன்னீர்கள். அன்றைக்கு அணைக்கட்டில் நிற்க இடம் இருக்காது, பேட்டன் எங்கே கைமாற்றுவது?

பணம்தான் முக்கியம். ஓடுகிற ஒவ்வொருவரும் ஒரு மொய் நோட்டுப் போடுங்கள். கல்யாண வீட்டில் எழுதுகிற மாதிரியே, ஊர், பெயர், தொகை. தன் தெருவிலும் தன் சொந்தபந்தத்திலும் அவரவரே போய்க் கேட்க வேண்டும். பத்து ரூபாய் கொடுத்தாலும் எழுதுங்கள். ஆனால் உங்களில் யாருடைய சொந்த ஜிபே நம்பருக்கும் ஒரு ரூபாய் வரக் கூடாது. நோட்டீஸ் அச்சடிப்பதற்கு முன்னால், பணத்தை வாங்கப்போகிற ஆராய்ச்சி நிறுவனத்துக்கு எழுதி, உங்கள் பெயரில் நிதி திரட்டலாமா, ஆராய்ச்சிக்கென்று தனித் தலைப்பில் வரவு வைப்பீர்களா என்று கேட்டுக் கடிதம் வாங்குங்கள். பணம் நேராக அவர்கள் கணக்குக்கே போகட்டும், ரசீது கொடுத்தவர் பெயரிலேயே வரட்டும். தண்ணீர், வாழைப்பழம், முதலுதவி இதற்கெல்லாம் ஆகிற செலவை இந்தப் பணத்தில் தொடவே கூடாது. அதற்கு என் பென்ஷனில் ஒரு பங்கு தருகிறேன், இன்னும் நாலு பேரிடம் கேட்டும் வாங்குகிறேன். பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு நல்ல காரியத்துக்கென்று பிள்ளைகளை வைத்து வசூல் செய்து ஓரிடத்தில் ஒப்படைத்தேன். கணக்கு கடைசிவரை வரவே இல்லை. உண்டியல் தூக்கின பிள்ளைகள் "என்ன ஆச்சுங்க சார்?" என்று கேட்டபோது எனக்குப் பதில் இல்லை. அந்த நிலை உங்களுக்கு வரக் கூடாது.

எங்கே கொடுப்பது என்று கேட்டீர்கள். எனக்குத் தோன்றுவது இரண்டு இடம். ஒன்று அடையாறு. 1923இல் தங்கையைப் புற்றுநோய்க்குக் கொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, அந்தத் துக்கத்தை முப்பது வருஷம் கீழே வைக்காமல் சுமந்து, பெண்கள் சங்கத்தின் மூலம் பணம் சேர்த்து, 1954இல் பன்னிரண்டு படுக்கையோடு தொடங்கிய இடம். மருத்துவர் சாந்தா தன் வாழ்நாள் முழுவதையும் கொடுத்த இடம். வைத்தியமும் ஆராய்ச்சியும் அங்கே ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன. இன்னொன்று சென்னை ஐ.ஐ.டி.யில் இருக்கிற தேசியப் புற்றுத் திசு வங்கி. நோயாளிகள் சம்மதித்துக் கொடுக்கிற திசுவை உறைநிலையில் பாதுகாத்து ஆராய்கிறார்கள். 2025 பிப்ரவரியில், 480 மார்பகப் புற்று நோயாளிகளின் மரபணு விவரங்களோடு பாரத் புற்றுநோய் மரபணுத் தொகுப்பை வெளியிட்டார்கள். இதுவரை உலகத்தில் சேர்ந்திருக்கிற மரபணுக் கணக்கெல்லாம் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களுடையது. நம் உடம்பின் கணக்கை நாம்தான் போட வேண்டும்.

இருபத்துநாலு பேர் தெருத் தெருவாகக் கேட்டு என்ன சேரும்? ஒரு லட்சமோ இரண்டு லட்சமோ. ஓர் ஆய்வு மாணவருக்கு அது சில மாதச் சம்பளம். குறைச்சல் என்று நினைக்காதீர்கள். படுகை அணையில் மதகைத் திறக்கிற அன்றைக்கே மோகனூர்க் கடைமடைக்காரன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய் நிற்பதில்லை. தண்ணீர் வந்து சேர நாளாகும் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் இங்கே யாராவது திறந்தால்தான் அங்கே வரும்.

அவள் கால் எடுத்த பிறகு அவள் அம்மா ஒருநாள் என் வீட்டுக்கு வந்து அந்தப் பிவிசி குழாயைக் கொடுத்துவிட்டுப் போனார். பள்ளிக்கூடப் பைக்குள் இருந்ததாம். பள்ளிக்கூடத்துப் பொருள், திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று அவள்தான் சொல்லி அனுப்பினாளாம். நான் பள்ளிக்கூடத்தில் ஒப்படைக்கவில்லை. இத்தனை வருஷமாக என் பீரோவில்தான் இருக்கிறது. இந்த ஓட்டம் அதைப் பிடித்துக்கொண்டு நடக்கட்டும் என்பது என் ஆசை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்குப் பூங்கா வாசலுக்கு எல்லோரும் வாருங்கள். பாதையை அளந்து, 1500 மீட்டருக்கு ஒரு சுண்ணாம்புக் குறி போட்டுவிடலாம். சைக்கிள் ஒன்று வேண்டும். முன்சக்கரத்தில் துணி கட்டிச் சுற்று எண்ணிக்கொண்டே போகலாம், யாராவது இருவர் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு நான் கொண்டுவருகிறேன். குழாயில் சுற்றிய டேப் காய்ந்து உரிகிறது. வரும்போது கடையில் சிவப்பு டேப் ஒரு சுருள் வாங்கி வாருங்கள்.

அன்போடு,
உங்கள் பழைய பி.டி. சார்